எடுத்தலும் கோடலும்

(ஊர்த் தமிழ்மன்றத்தின் திங்கட் கூட்டத்தில், பள்ளித் தமிழாசிரியராகிய புலவர் ஒருவர் ஆற்றிய உரை)



தமிழ்மன்றத்தில் எழுந்து நின்று ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேசப்போகின்றேன் என்றால், 'புலவருக்கு என்ன நேர்ந்தது?' என்று நீங்கள் எண்ணக்கூடும். நேர்ந்ததைச் சொல்லிவிடுகின்றேன்.

அண்மையில் எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் இவ்வாறு எழுதியிருந்தான்: "என் மாமா மதுரைக்குப் பேருந்து எடுத்தார். அது மூன்று மணி நேரம் எடுத்தது. அங்கே அவர் ஓய்வு எடுத்தார்." மூன்று தொடரிலும் 'எடுத்தார், எடுத்தது' என்பவற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். மறுநாள் அவன் ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஐயா, ஓர் ஆங்கிலச் சொல்கூட நான் எழுதவில்லையே! எல்லாம் தமிழ்ச்சொல்தானே! பிழை எங்கே இருக்கிறது?" என்று கேட்டான்.

உண்மைதான். சொல் ஒவ்வொன்றும் தமிழ். ஆயினும் தொடர் தமிழன்று. அவனுக்கு அதை விளக்க நான் திணறினேன்.

அன்று மாலை வீட்டிற்கு வந்து, கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ் முதலிடம் பெறவேண்டும் என்று நம் மன்றத்தின் சார்பில் எழுதிய வேண்டுகோள் மடலின் படியைப் பார்த்தேன். அதன் இறுதி வரி, "இதன்மேல் உடனே தக்க நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகின்றோம்" என்றிருந்தது. அதை எழுதியவன் யார்? நானேதான்! மாணவனுக்கு இட்ட சிவப்பு வட்டத்தை எனக்கும் இட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவன் எழுதிய தொடர்க்கும் நான் எழுதிய தொடர்க்கும் தாய் ஒருத்தியே. ஆங்கிலத்தில் 'டேக்' என்னும் வினை. டகரம் நம் மொழியில் சொல்லுக்கு முதலில் வாராது. ஆனால் மரபு காத்துத் 'தேக்கு' என்று எழுதினால் அது மரமாகிவிடும்! ஆகலின் அயற்சொல்லைக் காட்டுமிடத்து மட்டும் 'டேக்' என்றே சொல்லிச்செல்கின்றேன், பொறுத்தருள்க.

சொல்லின் பொருள்

ஆங்கிலத்தில் மிகுதியாக ஆளப்படும் வினைகளுள் 'டேக்' ஒன்று. கையால் எடுத்தல் அதன் முதற்பொருள் என்று பள்ளியில் கற்பிக்கின்றோம். பின்னர் அது விரிகின்றது. ஏற்றுக்கொள்வதும் 'டேக்', கொண்டுபோவதும் 'டேக்', பொறுத்துக்கொள்வதும் 'டேக்', புரிந்துகொள்வதும் 'டேக்'. மருந்து உண்பதும், படம் பிடிப்பதும், வண்டியேறிச் செல்வதும், ஒரு வேலைக்கு நேரம் ஆவதும் எல்லாம் 'டேக்'தான். ஒரு சிறு துணைச்சொல்லைப் பின்னே ஒட்டினால் பொருள் முற்றும் மாறிவிடும். 'டேக் ஆப்' என்றால் சட்டையைக் கழற்றுதல். வானூர்தி மேலெழுதலும் அதுவே. 'டேக் ஆப்டர்' என்றால் பிள்ளை தன் பெற்றோரை ஒத்திருத்தல். 'டேக் இன்' என்றால் உள்ளே ஏற்றல், ஏமாற்றுதலும் அதுவே.

இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. அது அம்மொழியின் இயல்பு. அவர்களிடமும் நுட்பம் உண்டு. பேசுவோனை நோக்கி வருவதற்குப் 'பிரிங்' என்பர். அவனை விட்டுப் போவதற்கு 'டேக்' என்பர். தன்மை முன்னிலைக்குத் தருதலும் வருதலும், படர்க்கைக்குக் கொடுத்தலும் செல்லுதலும் உரியன என்று வகுத்த தொல்காப்பியரின் மாணவர்களாகிய நமக்கு, அந்நுட்பத்தின் அருமை நன்கு விளங்கும்.

நாம் கேட்க வேண்டுவது வேறு. இத்தனை வேலை செய்யும் இந்தச் சொல் ஆங்கிலருடைய சொந்தச் சொல்லா? அன்று! அங்கேதான் வரலாறு தொடங்குகின்றது.

சொல்லின் பிறப்பு

ஐந்தாம் நூற்றாண்டளவில் இன்றைய செருமனியின் வடகரைப் பகுதிகளிலிருந்தும் அதனை அடுத்த நிலங்களிலிருந்தும் கடல் கடந்து சென்று பிரித்தானியத் தீவில் குடியேறியவர்களே ஆங்கிலரின் முன்னோர். அவர்கள் எடுத்தற்கும் கொள்ளற்கும் வைத்திருந்த வினை 'நிமன்' என்பது. அதன் உடன்பிறப்புகள் இன்றும் உயிரோடு உள்ளன. செருமானியர் 'நேமன்' என்கின்றனர்; ஒல்லாந்தர் 'நேமென்' என்கின்றனர். ஆங்கிலர் வாயில் மட்டும் அச்சொல் இல்லை.

அதனை நீக்கியது யார்? கி.பி. 793ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வடகீழ்க் கரையை அடுத்த இலிண்டிசுபார்ன் என்னும் தீவின் துறவிமடத்தை வடபுலக் கடலோடிகள் கொள்ளையிட்டனர். வைக்கிங்குகள் என்று வரலாறு கூறும் அவர்கள், தென்மார்க்கு, நார்வே முதலிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். (நம் தரங்கம்பாடியில் 1620ஆம் ஆண்டு வந்திறங்கிக் கோட்டை கட்டிய தென்மார்க்கினரின் மூதாதையர் இவர்களே என்றால் உங்களுக்கு எளிதில் விளங்கும்.) 865ஆம் ஆண்டு பெரும்படையொன்று வந்து தங்கியது. 878ஆம் ஆண்டு ஆல்பிரெடு மன்னன் அவர்களை வென்றான். வென்றும் துரத்த முடியவில்லை. நாட்டின் வடக்கும் கிழக்கும் அவர்கள் வழக்கங்கள் செல்லும் நிலமாயின. 1016ஆம் ஆண்டு கினூட்டு என்னும் தென்மார்க்கினன் இங்கிலாந்து முழுமைக்கும் அரசனானான்.

அந்த வடவர் மொழியில் வழங்கிய வினைதான் 'தக்கா' என்பது. அதன் பழம்பொருள் தொடுதல், பற்றுதல். பழைய ஆங்கிலத்தின் இறுதிக் காலத்தில், நார்மானியர் வந்த 1066ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அச்சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகின்றது. அதுவே இன்றைய 'டேக்'.

இவ்விடத்தில் நம் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். 'தக்கா' என்றவுடன் நம் 'தாக்கு' நினைவுக்கு வரும். தொடுதற்பொருளும் ஏறத்தாழ ஒத்துவரும். கை தட்டத் தோன்றும். ஒலி ஒத்தது என்பது ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. இடைப்பட்ட வடிவங்களும், ஒலி திரிந்த முறையும், வழங்கிய இடமும் காட்டப்படாதவரை அதனை நான் துணிந்து கூறேன். தமிழுக்குப் பெருமை சேர்க்க மெய்யான செய்திகளே மிகுதியாக இருக்கின்றன. ஐயத்திற்குரியன நமக்கு வேண்டா.

சொல் மாறிய வகை

அயற்சொல் வருவது புதுமையன்று. புதுப்பொருள் வரும்போது அதன் பெயரும் உடன்வரும். ஆனால் எடுத்தல் என்பது புதுப்பொருளா? கையுள்ள மாந்தன் என்று தோன்றினானோ அன்றே தோன்றிய செயல் அது. அதற்குச் சொந்தமாக வைத்திருந்த சொல்லை விட்டுவிட்டு வந்தவன் சொல்லை ஆங்கிலர் ஏற்றனர். இது எவ்வாறு நிகழ்ந்தது?

கட்டளையால் நிகழவில்லை. 'இனி நிமன் என்னாதே, தக்கா என்க' என்று எந்த மன்னனும் முரசறையவில்லை. வந்தவர் அண்டை வீட்டாராயினர். வடவர் மொழியில் ஊரைக் குறிக்கும் 'பி' என்னும் ஈறு தாங்கிய டெர்பி, விட்பி, கிரிம்சுபி முதலிய ஊர்ப்பெயர்கள் இன்றும் அதற்குச் சான்று நிற்கின்றன. அவர்கள் ஒரே சந்தையில் விற்றனர். ஒரே நிலத்தை உழுதனர். பெண் கொண்டனர், கொடுத்தனர். இரு மொழியும் ஒரு குடும்பத்தன ஆகலின் ஒருவர் பேச்சு மற்றவர்க்குப் பாதி விளங்கிற்று. விளங்கிய பாதியின் வழியாகத்தான் விளங்காத பாதியும் உள்ளே நுழைந்தது.

'டேக்' மட்டுமா? அழைத்தலைக் குறிக்கும் 'கால்', பெறுதலைக் குறிக்கும் 'கெட்', அவர்கள் என்னும் பொருளுடைய 'தே' என்னும் இடப்பெயர்கூட வடவர் சொற்களே. பலகணியைக் குறிக்கும் 'விண்டோ' என்பது 'காற்றுக்கண்' என்னும் பொருளுடைய வடசொல். நம் 'காலதர்' போன்றது. வடசொல் என்றவுடன் திடுக்கிடாதீர்கள். இது அவர்கள் வடக்கு!

இம்மாற்றம் ஓரிரவில் முடியவில்லை. இரண்டு சொல்லும் பல தலைமுறைக் காலம் அருகருகே வாழ்ந்தன. 1490ஆம் ஆண்டு வில்லியம் காக்சுடன் என்னும் அச்சாளர் தாம் அச்சிட்ட நூலொன்றின் முன்னுரையில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். வணிகர் சிலர் தேம்சு ஆற்றங்கரை வீடொன்றில் 'எக்சு' வேண்டும் என்று முட்டை கேட்கின்றனர். அது வடவர் வழிவந்த சொல். அவ்வீட்டுப் பெண்ணோ, தனக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது என்கின்றாள். பிறகு ஒருவர் 'எய்ரன்' என்னும் பழைய ஆங்கிலச் சொல்லைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்குகின்றது. அந்தப் பெண் அறிந்திருந்த அச்சொல் இன்று அகரமுதலியிலே கிடக்கின்றது.

'நிமன்' என்பதன் முடிவு அதனினும் இரங்கத்தக்கது. வீட்டின் முன்கட்டில் இருந்த அந்தச் சொல் கொல்லைப்புறத்திற்குத் தள்ளப்பட்டது. பின்னாளில் 'நிம்' என்றால் களவாடுதல் என்னும் பொருள் மட்டுமே எஞ்சியது. சேக்சுபியர் தம் நாடகத்தில் களவுக் கையுடைய படைஞன் ஒருவனுக்கு 'நிம்' என்றே பெயரிட்டார். ஒரு குடியின் நற்சொல் கள்வனின் பெயராக முடிந்தது!

இன்று எஞ்சியிருப்பன சில துணுக்குகளே. விரைந்து இயங்குவதைக் குறிக்கும் 'நிம்பிள்' ஒன்று. விரைவில் பற்றிக்கொள்ளவல்லது என்பது அதன் அடிப்பொருள். மற்றொன்று, கைகால் மரத்துப்போதலைக் குறிக்கும் 'நம்'. குளிரால் 'கொள்ளப்பட்டது', உணர்வு 'கவரப்பட்டது' என்பது அதன் அடிப்பொருள். அன்பர்களே, கொள்ளுதற்குரிய வினையை இழந்த மொழியில், அவ்வினையின் மிச்சமாக இருப்பது உணர்வற்றுப் போதலைக் குறிக்கும் சொல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வினை போனால் என்ன போகும்?

'போனால் போகட்டுமே! ஒரு சொல் போயிற்று, ஒரு சொல் வந்தது. ஆங்கிலம் கெட்டா போயிற்று? உலகெங்கும் பரவி நிற்கவில்லையா?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கெட்டுப்போகவில்லை. ஆனால் விலை கொடுத்தது. அவ்விலை என்ன என்று காட்டுகின்றேன்.

வினைச்சொல் என்பது தாய். பெயர்ச்சொற்கள் பல அதன் மக்கள். கொள் என்னும் நம் வினையைப் பாருங்கள். கொள்கை, கொள்ளளவு, கொள்முதல், கொள்கலம், கொள்ளை என்பன அதன் மக்கள். அது நீண்டு கோள் ஆகி, மேற்கோள், குறிக்கோள், வேண்டுகோள், கருதுகோள், கோட்பாடு என்று வளர்கின்றது. சந்தையில் நெல் கொள்பவனும், மன்றத்தில் கொள்கை பேசுபவனும், ஆய்வகத்தில் கருதுகோள் வகுப்பவனும் ஒரே வேரிலிருந்து உண்கின்றனர். படியாத உழவனுக்கும் 'கொள்கை' என்பது உள்ளத்தில் கொண்டது என்று சொல்லாமலே விளங்கும்.

செருமானியர் தம் 'நேமன்' வினையைக் காத்தனர். அவ்வினையிலிருந்தே கருதுகோளைக் குறிக்கும் 'அன்னாமெ' என்னும் சொல் பிறந்தது. பங்கேற்றலைக் குறிக்கும் சொல்லும் அதிலிருந்தே வந்தது. உணர்ந்துகொள்ளுதல் என்னும் பொருளில் அதனோடு முன்னொட்டுச் சேர்ந்த வினையிலிருந்து பகுத்தறிவைக் குறிக்கும் 'வெர்னுன்ப்டு' என்னும் சொல் பிறந்தது. 1781ஆம் ஆண்டு காண்டு என்னும் மெய்ப்பொருளறிஞர் வெளியிட்ட பெருநூலின் பெயரில் நிற்பது அந்தச் சொல்தான். சந்தையில் பழம் எடுக்கும் வினையிலிருந்து மெய்ப்பொருள் நூலின் தலைப்பு வரை ஒரே கொடி படர்ந்திருக்கின்றது.

ஆங்கிலர் நிலை என்ன? எடுத்தற்கு 'டேக்' என்பர். ஏற்றலுக்கு 'அக்செப்ட்', பெறுதலுக்கு 'ரிசீவ்', கருத்தமைவுக்குக் 'கான்செப்ட்'. இவை மூன்றும் எடுத்தற்பொருளுடைய இலத்தீன் வினையொன்றின் வழிவந்தவை. கருதுகோளுக்கு 'அசம்சன்', அது மற்றோர் இலத்தீன் வினையின் வழியது. கையால் எடுப்பது ஒரு மொழியில், அறிவால் எடுப்பது வேறு மொழியில்! ஆங்கிலச் சிறுவனுக்கு 'டேக்' தெரியும். 'கான்செப்ட்' என்பதற்குள்ளும் எடுத்தல் இருக்கின்றது என்பதைக் கற்றவன் சொன்னால்தான் தெரியும். 'நிமன்' போனதனால் மட்டுமே இது நேர்ந்தது என்று கூறேன். நார்மானியர் ஆட்சியும் இலத்தீன் கல்வியும் பெருங்கரணியங்கள். ஆயினும் வேர் அறுந்த இடத்தில் கிளை பிறக்காது என்பது பொய்யன்று.

இன்னொரு செய்தி. வடவர் மொழியிலும் 'நிமன்' என்பதன் உடன்பிறப்பு உண்டு. 'நேமா' என்று பெயர். ஐசுலாந்து நாட்டில் அது இன்றும் வாழ்கின்றது. கற்றல் என்னும் பொருளில் வழங்குகின்றது. அம்மொழியில் மாணவனைக் குறிக்கும் பெயர் 'நேமாண்டி'. அடிப்பொருள் பார்த்தால் 'கொள்பவன்'. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் திரும்ப வருவேன்.

தொடரும் இரவல்

சொல் இரவலாக வந்தது போலத் தொடரும் இரவலாக வரும். நார்மானியர் ஆட்சிக்குப் பின் பிரெஞ்சு மொழி அரண்மனை மொழியாயிற்று. பிரெஞ்சு மொழியில் எடுத்தலைக் குறிக்கும் வினை 'பிராந்தர்'. பங்கை எடுத்தல், விடையை எடுத்தல், இரக்கத்தை எடுத்தல் என்பன போன்று அவ்வினையோடு பெயர் சேர்த்துச் சொல்வது அவர்கள் மரபு. ஆங்கிலர் அவற்றைப் பார்த்துத் 'டேக் பார்ட்', 'டேக் லீவ்', 'டேக் பிட்டி' என்று தம் சொற்களால் வார்த்துக்கொண்டனர். சொல் பார்த்தால் பிரெஞ்சு வினை அங்கில்லை. அச்சு பார்த்தால் பிரெஞ்சு.

ஆக, வடவரிடம் வாங்கிய வினை. பிரெஞ்சுக்காரரிடம் வாங்கிய அச்சு. அந்த அச்சில் வார்த்த தொடர்கள் கடல் கடந்து வந்து, இப்போது நம் சிறுவனின் கட்டுரை ஏட்டிலே தமிழ்ச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன. 'ஓர் ஆங்கிலச் சொல்கூட இல்லையே ஐயா!' என்று அவன் கேட்டதில் பிழை இல்லை. நாம்தான் சொல்லை மட்டும் காவல் காத்தோம். சொல் நிற்கும் முறையைக் காக்க மறந்தோம்.

எடு என்பதன் இயல்பு

நம் 'எடு' என்ன பொருளது? 'டேக்' என்பதன் பழம்பொருள் தொடுதல் என்றேன். எடு என்பதன் அடிப்பொருள் தூக்குதல், உயர்த்துதல். எடுப்பான தோற்றம் என்றால் உயர்ந்து விளங்கும் தோற்றம். ஓசையை எடுத்தல், படுத்தல் என்று நம் இலக்கணத்தார் பகுத்தபோது எடுத்தல் என்றது உயர்த்தலையே. இரண்டு வினையும் வேறு வேறு இடத்தில் புறப்பட்டவை. ஆகையால் ஒன்று செல்லும் இடமெல்லாம் மற்றொன்று செல்லாது.

நம் வழக்கைப் பாருங்கள். படையெடுத்தல், விழாவெடுத்தல், கோயிலெடுத்தல் என்பவற்றுள் எழுப்புதற்பொருள் இருக்கின்றது. பசியெடுத்தல், ஓட்டமெடுத்தல் என்பவற்றுள் எழுதற்பொருள் இருக்கின்றது. களையெடுத்தல், தூரெடுத்தல், சிக்கெடுத்தல் என்பவற்றுள் உள்ளிருப்பதை வெளிக்கொணர்தல் இருக்கின்றது. இவை எல்லாம் நம்முடையவை. 'எடு' வந்துவிட்டால் எல்லாம் ஆங்கிலம் என்று கத்தி தூக்கினால் நம் பயிரையே நாம் அறுத்தவர் ஆவோம்.

பாம்பு படமெடுத்தது என்கின்றோம். அது நல்ல தமிழ். பாம்பு தன் படத்தை உயர்த்துகின்றது. திருமண வீட்டில் ஒருவர் கருவியோடு வந்து படம் எடுத்தார் என்கின்றோம். அவர் எதை உயர்த்தினார்? அவர் படம் பிடித்தார். பாம்பு எடுக்கட்டும்; மாந்தன் பிடிக்கட்டும்!

பிறவற்றையும் இவ்வாறே காண்க. முடிவு எடுத்தல் என்பதைவிட முடிவு செய்தல் நம் வழக்கு. ஓய்வு எடுப்பதைவிட ஓய்வு கொள்வதும் இளைப்பாறுவதும் நம் வழக்கு. பொறுப்பை எடுக்கவேண்டா; ஏற்போம். உறுதிமொழியை எடுக்கவேண்டா, ஏற்போம், சூளுரைப்போம். பங்கு எடுக்கவேண்டா, பங்குகொள்வோம். மருந்தை எடுத்துக்கொள்ளவேண்டா, உண்போம், குடிப்போம், தடவுவோம், எப்படி உட்கொள்வது என்பதையும் நம் வினையே சொல்லிவிடும். மூன்று மணி நேரம் எடுக்கவேண்டா. மூன்று மணி நேரம் ஆகும், பிடிக்கும், செல்லும். நடவடிக்கை எடுக்கவேண்டா, ஆவன செய்வோம்.

நம்மிடம் வினைக்குப் பஞ்சமா? பூவைக் கொய்கின்றோம், கீரையைக் கிள்ளுகின்றோம், நீரை முகக்கின்றோம், நெல்லை அள்ளுகின்றோம், பரிசிலைப் பெறுகின்றோம், பொருளை வாங்குகின்றோம், கையைப் பற்றுகின்றோம், உள்ளத்தைக் கவர்கின்றோம். ஈ, தா, கொடு என்று இரப்போனின் நிலைக்கேற்பத் தருதலைக்கூட மூன்றாகப் பகுத்த மொழி இது. இத்தனை வினைகளும் பேசப்படாமல் கிடந்தால், அவற்றைப் பகைவன் வந்து அழிக்கவேண்டா. ஒரே ஒரு 'எடு' எல்லா இடத்திலும் அமர்ந்துகொள்ளும். மற்றவை 'நிமன்' போன வழியே போகும்.

எடுப்பவரா, கொடுப்பவரா?

இறுதியாக என் தொழிலுக்கே வருகின்றேன். பள்ளியில், 'இன்று எட்டாம் வகுப்பை யார் எடுக்கிறார்?' என்று கேட்கின்றனர். 'நான் இரண்டு வகுப்பு எடுத்துவிட்டேன்' என்று நானும் சொல்லியிருக்கின்றேன். இதுவும் நம் நாட்டு ஆங்கிலத்தின் 'டேக்' வழி வந்ததே.

நன்னூலைத் திறந்து பாருங்கள். பவணந்தியார் தம் பாயிரத்தில் ஆசிரியன் பாடஞ்சொல்லும் முறைக்கு ஈதல் இயல்பு என்று பெயர் வழங்குகின்றார். மாணவன் பாடங்கேட்கும் முறைக்குக் கோடல் மரபு என்று பெயர். ஆசிரியன் நுவல்வோன், மாணவன் கொள்வோன். ஆசிரியன் ஈபவன், மாணவன் கொள்பவன். எங்கோ பனிக்கடல் நடுவே ஐசுலாந்து நாட்டான் மாணவனுக்குக் 'கொள்பவன்' என்னும் பொருளுடைய பெயரை வழங்குகின்றான் என்றேனே, அதே கருத்தை நம் முன்னோரும் தம் வழியில் கண்டனர். அவன் தன் பழைய வினையைக் காத்ததனால் அக்கருத்து அவன் வாயில் இன்றும் வாழ்கின்றது.

நாமோ கொடுக்க வேண்டிய ஆசிரியனை எடுப்பவனாக்கிவிட்டோம். ஆசிரியன் வகுப்பை எடுத்துவிட்டால் மாணவன் கொள்வதற்கு என்ன இருக்கும்? ஒரு வினை இடம்மாறியதனால் ஓர் உறவின் பொருளே தலைகீழாயிற்று. இதனைத்தான் நான் அஞ்சுகின்றேன். சொல் மாறுவதை மட்டும் அன்று. சொல்லோடு கூட நம் நினைப்பும் மாறுவதை.

அன்பர்களே! ஆங்கிலத்தைப் பழிக்க நான் இங்கு வரவில்லை. 'நிமன்' என்னும் சொல்லை இழந்த ஆங்கிலர் மேல் எனக்கு இரக்கமே உண்டு. அவர்கள் அறியாமல் இழந்தனர். அவர்களுக்கு எச்சரிக்க அந்நாளில் எவரும் இல்லை. நமக்கு அவர்கள் வரலாறே எச்சரிக்கையாக இருக்கின்றது. அறிந்தபின் இழந்தால் அது நம் குற்றமே.

செய்ய வேண்டுவது பெரிதன்று. 'எடு' என்று எழுதுமுன் ஒரு நொடி நில்லுங்கள். இங்கே எதையேனும் கையில் தூக்குகின்றோமா, உயர்த்துகின்றோமா, வெளிக்கொணர்கின்றோமா, ஏதேனும் எழுகின்றதா என்று கேளுங்கள். 'ஆம்' எனில் எழுதுங்கள். 'இல்லை' எனில் அச்செயலுக்கு உரிய வினை எது என்று உங்கள் பாட்டியார் பேச்சில் தேடுங்கள். அகரமுதலிக்குப் போகுமுன் அங்கே கிடைக்கும். பிள்ளைகளைக் கடியாதீர்கள். அவர்கள் நம் வாயிலிருந்தே கற்கின்றனர்.

அந்த மாணவனை மறுநாள் அழைத்தேன். "மாமா மதுரைக்குப் பேருந்தில் போனார். மூன்று மணி நேரம் ஆயிற்று. அங்கே இளைப்பாறினார்" என்று அவனே மாற்றி எழுதினான். பிறகு என் வேண்டுகோள் மடலின் படியை அவனிடம் கொடுத்து, "இதையும் திருத்து" என்றேன். 'நடவடிக்கை எடுக்குமாறு' என்பதை அடித்துவிட்டு, 'ஆவன செய்யுமாறு' என்று எழுதித் தந்தான். வேண்டுகோள் என்னும் சொல்லிலேயே கோள் இருக்க, அதன் அடியிலே நான் செய்திருந்த பிழை அது.

அன்று அவன் ஈந்தான், நான் கொண்டேன்.